கூத்து மேடையில் ஆளைத் தொடரும் உருவம் எகிறுது, அவசரம்

கட்டியக்காரன்: நாளை மறுநாள் ஷோ. துரியோதனன் நடந்தா, கேமரா அவரைப் பார்த்து, பின்திரையில ப்ரொஜெக்டர் காட்டுற பாம்பும் கூடவே போகணும். ஒத்திகை ஹால்ல வழுக்கிட்டு ஓடுச்சு. மேடையில அவர் நுழைஞ்சதும் பாம்பு கண்ட இடத்துக்குத் தாவுது. செட்டிங் எதுவும் மாத்தல. என்ன பண்ண?

மின்மினி: என்ன கேமரா? கினெக்டா (ஆழம் பார்க்கிற கேமரா), ஐ.ஆர். (அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத ஒளி) கேமராவா? சாஃப்ட்வேர்? மேடையில என்ன லைட்?

வயர்மேன்: யூ.எஸ்.பி. கேபிள்தான். 5 மீட்டர் தாண்டி சாதா எக்ஸ்டென்ஷன் போட்டா கேமரா படத்துல ஃப்ரேம் விடுபடும். ஆக்டிவ் கேபிள் (சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிறது) போடுங்க.

கட்டியக்காரன்: சாரி. 850 நானோமீட்டர் ஃபில்டர் போட்ட ஐ.ஆர். கேமரா, சாஃப்ட்வேர் ஐசடோரா. முன்னாடி 1000 வாட் பார் கேன் (மேடை விளக்கு) 4. கேபிள் 3 மீட்டர்தான்.

மேடைமூலை: இதெல்லாம் பாலபாடம் தம்பி. பார் கேன் ஹாலஜன். அது கக்குறதுல பெரும்பங்கு அகச்சிவப்பு. டிம்மர்ல இறக்கினா கண்ணுக்கு மங்கும், கேமராவுக்கு அப்பவும் எரியும். ஹால்ல டியூப்லைட், அதான் ஓடுச்சு.

மின்மினி: அது பாதிதான் ஐயா. ஒத்திகைக்கு வேஷம் கட்டியிருக்க மாட்டாங்க. கிரீடத்துலயும் புஜக்கட்டையிலயும் கண்ணாடிச் சில்லு இருக்குல்ல? ஒவ்வொண்ணும் தனிப் புள்ளியா மின்னும், சாஃப்ட்வேர் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும்.

ஆளுக்கு ஐ.ஆர். வெளிச்சம் போடாதீங்க, திரைக்குப் போடுங்க. 850 ஐ.ஆர். இலுமினேட்டர் (ஐ.ஆர். விளக்கு) 2, ரெண்டு விங்குலயும் (மேடைப் பக்கவாட்டு மறைவு) தரையில வச்சு வெள்ளைத் திரையைப் பார்க்கத் திருப்புங்க. ஆள் திரையிலேர்ந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நிக்கணும். கேமராவுக்கு அவர் கருப்பு நிழலாத் தெரிவார். படத்தை இன்வெர்ட் பண்ணிட்டு (கருப்பை வெள்ளையா மாத்தி) ட்ராக் பண்ணுங்க. அப்புறம் சில்லு மின்னினா நிழல்ல பொட்டு ஓட்டைதான் விழும். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை ஃபில்டர் தடுத்துடும், பாம்பையே ஆளுன்னு எடுத்துக்காது. பார் கேனுக்குப் பதில் எல்.ஈ.டி. பார். லைட் எல்லாம் வச்சு முடிச்சப்புறம் வெறும் மேடையை சாஃப்ட்வேர்ல பேக்கிரவுண்டா மறுபடி எடுக்கணும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. ஸ்மூத்திங்கை (நகர்வைச் சீராக்குற செட்டிங்) ஏத்தாதீங்க, பாம்பு பின்தங்கும்.

வயர்மேன்: இலுமினேட்டர் 940 நானோமீட்டர்ல வாங்குங்க. 850 சிவப்பா மினுங்கும், சனம் பார்க்கும்.

மின்மினி: 940-ல கேமரா உணர்திறன் குறையும். விங்குல ஒரு தட்டி மறைச்சா போதும்.

பின்பாட்டு: கூத்துக்கு எதுக்குங்க சென்சார்? ஒரு ஆள் மவுஸைப் பிடிச்சு நகர்த்தட்டும்.

மேடைமூலை: கிறிக்கி அடிக்கும்போது (வேகமா சுழன்று ஆடும்போது) உங்க மவுஸ் எங்க இருக்கும்?

பின்பாட்டு: அப்போ பாம்பு சும்மா சுருண்டு கிடக்கட்டுமே. ஆட்டத்தைப் பார்ப்பாங்களா, திரையைப் பார்ப்பாங்களா?

மேடைமூலை: அதுக்குத் தனி இழை போடுங்க.

கட்டியக்காரன்: எல்.ஈ.டி. வாடகைக்குக் கிடைச்சுது. இலுமினேட்டர் ஒண்ணுதான். இடது ஓரம் மட்டும் தடுமாறுது, அவரை அந்தப் பக்கம் போகவேண்டாம்னு சொல்லிட்டோம். நன்றி.