வரியைப் பார்த்து இனம் சொன்னார்கள்: தெருவில் எடுத்த பூனைக்குட்டியோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வேளச்சேரி வாசி:

இரண்டு வருடம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐப்பசி மழையில் எதிர்வீட்டுக் கார் பானெட்டுக்குள் இருந்து எடுத்த குட்டி. ஐந்து வாரம் இருக்கும். வெள்ளி பூசிய மாதிரி சாம்பல், விலாவில் கோடு கோடாக இல்லாமல் பெரிய சுழி. படம் போட்ட பத்து நிமிடத்தில் ஒருவர் அமெரிக்கன் ஷார்ட்ஹேர் என்றார், இன்னொருவர் இல்லை, பெங்கால் இனம், அதிலும் சுழி வரி உள்ள மார்பிள் வகை என்றார். நானும் தத்து அறிவிப்பில் ‘பெங்கால் கலப்பு’ என்று எழுதிவிட்டேன், அப்படி எழுதினால் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்று நினைத்து. மறுநாளே கிடைத்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை அவர்களே கூடையைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ‘டாக்டர் நாட்டுப்பூனைன்னு சொல்லிட்டாருங்க’ என்றார் அந்த அம்மா. வேறு ஒரு குறையும் சொல்லவில்லை. குட்டி நன்றாக வளர்ந்திருந்தது, வெள்ளி நிறம் போய்ச் சாதாரணச் சாம்பல் ஆகியிருந்தது, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு மணி. அவர்கள் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும் வரை கூடைக்குள் இருந்தபடி அந்தப் பக்கமே காதைத் திருப்பி வைத்திருந்தது. ‘பெங்கால்’ என்று எழுதியது நான்தான்.

உறையூர்க்காரி:

அக்கா, உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். நெற்றியில் எம் எழுத்து மாதிரி கோடு இருக்கிறது, அதனால் பெங்கால் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோடு எல்லா வரிப்பூனைக்கும் உண்டு, மீன்கடை வாசலில் நிற்கிற பூனை உட்பட. வெள்ளி நிறம் போனதற்கும் காரணம் இருக்கிறது. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது காய்ச்சலில் கிடந்தால் குட்டி இப்படி வெளுத்துப் பிறக்கும், சில மாதத்தில் சொந்த நிறம் வந்துவிடும்.

என்னுடையது வேறு கதை. மாவு மாதிரி வெள்ளையாக எடுத்தேன், ஒரு மாதத்தில் மூக்கும் காதும் வாலும் கறுத்தன. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வயிற்றை மழித்தார்கள், மார்கழிக் குளிர், மழித்த இடத்தில் மட்டும் முடி காப்பித்தூள் நிறத்தில் முளைத்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காயம் ஆறாமல் போய்விட்டதோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. டாக்டர்தான் சொன்னார், உடம்பில் குளிர்ந்த இடத்தில் மட்டும் நிறம் ஏறுகிற மரபணு, சூடான இடம் வெள்ளையாகவே இருக்கும் என்று. கண் இன்னும் நீலம். அதனால் என் குட்டி சயாமீஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கரும்புக்காடு:

அக்கா, உங்களுடையதாவது வீட்டுப்பூனை.

நெல்லிக்குப்பம் பக்கம், அண்ணன் வயலில் மாசியில் கரும்பு வெட்டு. சோகைக்குள் மூன்று குட்டி கிடக்கிறது என்று ஆட்கள் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டைக் காணோம், ஒன்றை எடுத்து வந்தேன். மண் நிறம், உடம்பில் மங்கலான வரி, காலில் கறுப்புப் பட்டை, கால் கொஞ்சம் நீளம், வால் குட்டை. ‘அபிசீனியன்’ என்றார் ஒருவர், விலையும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் பால் வைத்தால் சீறியது, பயந்த குட்டி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வரியைப் பார்க்கவே இல்லை. காது நுனியில் நின்ற கறுப்பு முடியைப் பிடித்துப் பார்த்தார், வாலில் இருந்த வளையத்தைப் பார்த்தார், ‘இது காட்டுப்பூனைக் குட்டி, முதலில் வனத்துறைக்குப் போன் பண்ணுங்க’ என்றார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கவே கூடாதாம். அன்று இரவே வனத்துறை ஆட்களோடு போய் அதே இடத்தில் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். வயல் முழுக்க வெட்டி முடிந்து மொட்டையாகக் கிடந்தது. ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் அவர்களே எடுத்துப் போனார்கள்.

என்னை உறுத்துவது முதல் ராத்திரி. நான் குட்டியைத் துணி போட்ட கூடையில் வைத்துப் படுத்தபோது, வீட்டுக்குப் பின்னால் வரப்பில் ஒரு பூனை அடிக்குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இரண்டு மணி வரைக்கும். குட்டியும் பதில் சொன்னது. ஏதோ கடுவன் கத்துகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

நாலு பூனை வீடு:

எனக்கும் ஒரு தடவை கிணற்றடியில் புள்ளிக்குட்டி கிடைத்து, பிறகு அது மரநாய்க் குட்டி என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆகவேண்டும்.

வயலிலோ புதரிலோ குட்டியைப் பார்த்தால் தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள், தாய் இரை தேடப் போயிருக்கும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயந்து திரும்ப வைக்காமல் விடுபவர்கள் உண்டு, அது தப்பு, திரும்ப வையுங்கள். தெருக்குட்டிதான், தாய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் உணவு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும், குட்டிக்கென்று விற்கிற பால்பொடி வாங்குங்கள். மல்லாக்கப் போட்டுப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தினம் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடிக்கு. இதையெல்லாம் விட்டுவிட்டு இனம் என்ன, இனம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் குட்டி போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

உறையூர் சகோதரி சொன்னதில் பாதி சரி. அந்த மரபணு சயாமீஸ் பூனைக்கு உள்ளதுதான், ஆனால் நம் ஊர்த் தெருப்பூனைகளிலும் அது ஒளிந்து கிடக்கிறது, தாய் தகப்பன் இருவரிடமும் இருந்தால் குட்டியில் வெளியே வரும். அதை வைத்து இனம் சொல்ல முடியாது. இனம் என்பது வம்சாவளித் தாள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871ல் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகுதான் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நிலைத்தன. வேளச்சேரிக் குட்டியின் சுழியும் அப்படித்தான், ஒரே மரபணுவில் வரும் மாற்றம், 2012ல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியில் ராஜச் சிவிங்கி என்று ஒன்று உண்டே, புள்ளிகள் ஒட்டிப் பட்டையாக இருக்கும், அதற்கும் அதே மரபணுதான். நிறத்தை வைத்து ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது ஒன்றுதான், கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் இருந்தால் அநேகமாகப் பெண்குட்டி.

உறையூர்க்காரி:

தாள் இல்லாவிட்டால் என்ன சகோ, என் கண்ணுக்கு அது சயாமீஸ்தான். யாருக்கும் விற்கப்போவதில்லை, என்னோடுதான் இருக்கப்போகிறது.

தோ பாயோ:

இங்கே சிங்கப்பூரில் புளோக் அடியில் எடுத்த குட்டிக்கு வால் பாதியில் மடங்கி இருந்தது. வண்டி ஏறிவிட்டது என்று அழுதுகொண்டே டாக்சி பிடித்தேன், எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பிறவியிலேயே அப்படி என்றார் டாக்டர், இந்தப் பக்கத்துத் தெருப்பூனைகளில் சகஜமாம். முடி ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம் இருந்ததால் ‘சிங்கப்பூரா’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தேடிப் படித்தால், சிங்கப்பூர்த் தெருப்பூனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த இனத்தின் மூலப் பூனைகளையே 1974ல் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவந்த இறக்குமதித் தாள்கள் பின்னால் வெளியே வந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தது. பதிவு செய்யும்போது இனம் கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தேன், பிறகு உள்ளூர்ப் பூனை என்று போட்டேன்.

வேளச்சேரி அக்கா, திரும்ப வந்த குட்டி இப்போது யாரிடம் இருக்கிறது?

வேளச்சேரி வாசி:

எங்களிடம்தான். மணியை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.