'ஒருநாள் இதழ்' வேண்டாம், 'ஓரிதழ்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு, போலந்து மொழியின் 'யெத்னொத்னியூஃப்கா' என்ற சொல்லுக்கு ஈடாக 'ஒருநாள் இதழ்' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. ஒன்று, நாள் என்ற இரண்டும் அச்சொல்லுக்குள் இருப்பது உண்மை. ஆனால் தமிழில் படிப்பவருக்கு உடனே நாளிதழ்தான் நினைவுக்கு வரும். அங்கே அதற்கு நாள் கணக்கு கிடையாது. ஒரே தடவை அச்சாகி, அடுத்த எண் என்ற பேச்சே இல்லாத வெளியீடு என்பதுதான் பொருள்.

'சிறப்பிதழ்' ஒத்துவராது, அதற்கு ஒரு தாய் இதழ் வேண்டும். 'மலர்' என்றால் தீபாவளி வாசனை அடிக்கிறது. 'சிற்றிதழ்' வேறு இனம். போலந்துக் கவிஞர் ததேயுஷ் பைப்பர் கிராக்கோ நகரில் நடத்திய 'ஸ்வ்ரோத்னித்ஸா' (ரயிலைத் தடம் மாற்றிவிடும் கருவியின் பெயர்) 1922-23, 1926-27 என இரு கட்டங்களில் 12 எண்கள் வந்தது. அதைச் சிற்றிதழ் என்று தயங்காமல் சொல்லலாம்.

என் பரிந்துரை 'ஓரிதழ்'. ஓரிதழ்த் தாமரை தெரிந்தவர்களுக்கு இது புதுச்சொல்லாகவே படாது. 'எதிர்காலவாதிகளின் (ஃபியூச்சரிஸ்டுகளின்) ஓரிதழ்', 'ஓரிதழ்க் கவிஞர்கள்' என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். 1921 ஜூனில் எதிர்காலவாதக் கவிஞர் புரூனோ யஷென்ஸ்கியும் தோழர்களும் கிராக்கோவில் வெளியிட்ட தாளின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது, வேண்டுமென்றே பிழையாக. போலிஷில் 'உ' ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. பள்ளியில் கற்பிக்கும் எழுத்தைத் தள்ளிவிட்டு, காதில் விழும்படி மற்றதைப் போட்டார்கள். ஒலிப்படி எழுதுவதற்கு ஓர் அறிக்கையே அதில் இருந்தது. நவம்பரில் வந்த இரண்டாவதன் தலைப்புக்கு 'வயிற்றில் கத்தி' என்று பொருள். சின்னஞ்சிறு மூன்று சொற்களில் மூன்று இடத்தில் எழுத்து மாறியிருக்கும். நாம் ந, ன இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு அச்சடிப்பது போல.

'ஒருநாள் இதழ்' என்று வைத்துக்கொண்டால் அந்த ஜூன் தாளின் தலைப்பை எப்படித் தமிழாக்குவது? சரியாக எழுதினால் அவர்கள் செய்ததை நாம் அழித்தவர்களாவோம். 'ஓரிதழ்' என்றால் வழி இருக்கிறது. நம்மில் பலர் வாயில் ழ, ள ஆகத்தானே வருகிறது? ஆகவே கலைச்சொல் பட்டியலில் 'ஓரிதழ்'. அந்தத் தாளின் பெயராக வரும்போது மட்டும் 'எதிர்காலவாதிகளின் ஓரிதள்'. மெய்ப்புத் திருத்துபவர் அதைத் திருத்திவிடாதபடி ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைக்க வேண்டும்.