கிறிஸ்துமஸ் பலகாரம்: ஆயாவின் கை அளவை எப்படி எழுதி வைப்பது?

சத்துவாச்சாரி பேத்தி கேட்கிறார்:

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்கிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு இன்றுவரை ஆயாவினுடையது. அவருக்கு 86 வயது. அச்சு முறுக்கு, கல்கல், கர்ச்சிக்காய், அதிரசம் எல்லாமே அவர் கையால்தான். பேத்திகளும் மருமகள்களும் எடுபிடி வேலை செய்வோம். அடுப்பு மட்டும் அவருடையது.

இந்த ஆண்டு வலது கை நடுங்குகிறது. கொதிக்கிற எண்ணெய் அருகே நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி. ஆகவே அடுப்பு என்னிடம் வருகிறது. சமையல் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஆயாவின் பலகாரத்துக்கு எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் ஆழாக்குக் கணக்கு. அந்தப் பித்தளை ஆழாக்கும் விளிம்பு நசுங்கியது. "அரிசி நாலு ஆழாக்கு, வெல்லம் பார்த்துப் போடு" என்பார். எதைப் பார்த்து என்று கேட்டால், "மாவைப் பார்த்துத்தான்" என்பார்.

என் அண்ணன், இந்த முறை கடையில் சொல்லி வாங்கிவிடலாம், எல்லோருக்கும் அலைச்சல் மிச்சம் என்கிறார். கடைப் பலகாரத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்பதே என் கவலை. ஆயா நர்சாக இருந்தவர். கிறிஸ்துமஸ் இரவில் நர்சுகள் மெழுகுவத்தி ஏந்தி வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு போனது, ரேஷன் சர்க்கரையை நவம்பரிலிருந்தே டப்பாவில் சேர்த்து வைத்தது, தாத்தா சம்பளம் வாங்கிய கையோடு ஒரு டின் எண்ணெய் தூக்கி வந்தது எல்லாம் நான் கேட்டது கல்கல் உருட்டும்போதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. கையில் மாவு இருந்தால் தானாக வரும்.

கல்கல் உருட்டும் விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோலிக்குண்டு அளவு மாவை, இதற்கென்றே வைத்திருக்கும் சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மாவு மெல்லியதாகப் பரவியதும் அதே விரலின் நகக்கண்ணால் ஓரத்தைத் தூக்கிச் சுருட்டு. வரி வரியாகக் கோடு விழுந்து சின்னச் சங்காக உருண்டு வரும். ஆயா பேச்சை நிறுத்தாமலே இதைச் செய்வார்.

என் பெரிய மகள் பத்தாம் வகுப்பு, சின்னவள் ஆறாம் வகுப்பு. சித்தப்பா குடும்பம் பெங்களூரிலிருந்தும், மாமா குடும்பம் அரக்கோணத்திலிருந்தும் 24ஆம் தேதி மாலையில்தான் வந்து இறங்குவார்கள். அதற்குள் பலகார வேலை முடிந்து டப்பாவும் மூடியாகிவிடும். அவர்களுக்கும் இதில் ஒரு கை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அளவை எப்படிப் பிடிப்பது? பிள்ளைகளிடம் எந்த வேலையைக் கொடுப்பது? இன்னொன்று: அச்சு முறுக்கு அச்சு இரண்டு ஆண்டாகப் பரணில் கிடந்தது. இப்போது மாவு அதிலேயே ஒட்டிக்கொண்டு எண்ணெயில் விழ மறுக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி மருமகள்:

முதலில் அளவு. ஆயாவிடம் அளவு கேட்காதீர்கள். அவர் வழக்கம்போல் கையால் அள்ளிப் போடட்டும். ஒரு சமையல் தராசு வாங்கி வைத்துக்கொண்டு, வெல்லத்தட்டை அவர் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் அளவு. நெய், ஏலக்காய், எள் எல்லாவற்றுக்கும் இதே வழி. என் மாமியாரின் மசாலாவை இப்படித்தான் எழுதி எடுத்தேன். அவருக்கே அந்தக் கணக்கைப் பார்த்து ஆச்சரியம்.

அதிரசத்துக்கு மட்டும் எடை போதாது. நான் பிறந்த வீட்டில் தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு எடுப்போம். அதிரசம் இல்லாமல் நோன்பு இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் அதே அதிரசம் கிறிஸ்துமஸுக்கு. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை பாகு காய்ச்சுகிறேன். மண்டியில் வாங்கும் வெல்லம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கல்லாகிவிட்டால் பதம் தாண்டியாயிற்று. அதிரசம் கடிக்க முடியாது. அரிசி பச்சரிசியாக இருக்க வேண்டும். ஊற வைத்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் முழுதும் போகும் முன்பே அரைத்துவிட வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மார்கழிப் பனியில் உலர நேரமாகும். அவசரப்பட்டு வெயிலில் காயப்போட வேண்டாம். எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து போனால் பாகு கூடிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசையுங்கள்.

இனி அச்சு. பரணில் கிடந்த இரும்பு அச்சு காய்ந்து போயிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போட்டு, துடைத்து, மறுநாள் முழுக்க எண்ணெயிலேயே மூழ்கியிருக்கட்டும். சுடும் அன்று எண்ணெய் காயும்போதே அச்சையும் உள்ளே வைத்துவிடுங்கள். அச்சு சூடாக இல்லாவிட்டால் மாவு அதில் பிடிக்காது. அளவு மீறிச் சுட்டாலும் முக்கிய உடனே வெந்து மாவுப் பாத்திரத்திலேயே கழன்று விழும். மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் எத்தனை உதறினாலும் முறுக்கு விடாது. முதல் இரண்டு மூன்று ஒட்டத்தான் செய்யும். கம்பியால் தள்ளிவிட்டுத் தொடருங்கள், பிறகு அச்சு பழகிவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கு: அரிசி மாவு இரண்டு டம்ளர், மைதா அரை டம்ளர், பொடித்த சர்க்கரை முக்கால் டம்ளர், முட்டை இரண்டு, கறுப்பு எள் ஒரு கரண்டி. தேங்காய்ப்பாலை ஊற்றித் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைக்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டினாலும் அச்சில் ஒட்டும், சீக்கிரம் கறுக்கும்.

கோட்டைப் பக்கத்துப் பெரியவர்:

அம்மா, உங்கள் அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள்!

எனக்கு 71 வயது. எங்கள் வீட்டில் பலகாரத்தோடு கேக்கும் உண்டு. வீட்டில் கேக் அடுப்பு ஏது? மாவை வீட்டில் கலந்து, அலுமினியத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். ரொட்டி சுட்டு முடிந்து, அடுப்பின் சூடு தணியும் நேரத்தில்தான் கேக் உள்ளே போகும். தட்டில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுத் தட்டுகள் ஒன்றாகப் போகும். தட்டு மாறாமல் பார்த்துக்கொள்வது பையன்கள் வேலை. இரவு வெகுநேரம் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருப்போம். அதற்கு முன் வீட்டில் முட்டையும் சர்க்கரையும் ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வலித்தால் அடுத்த பையன். சர்க்கரையைக் கருக்குவது அம்மா மட்டும். கருகல் ஒரு நொடி கூடினாலும் கேக் கசக்கும் என்று யாரையும் அருகே விடமாட்டார்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். கெட்டுப்போகக்கூடிய வேலையாகக் கொடுங்கள். தட்டு எடுத்து வை, தண்ணீர் கொண்டு வா என்றால் அவர்கள் போனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "பாகுப் பதம் நீதான் சொல்ல வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து போகமாட்டார்கள். சின்னவளிடம் சீப்பைக் கொடுங்கள்.

காட்பாடி மருமகள் சொன்ன தராசு நல்ல யோசனைதான். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். எழுதியதை வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பாகவே ஒரு முறை ஆயாவின் கை படாமல் நீங்களே செய்யுங்கள். செய்து அவர் வாயில் போடுங்கள். அவர் சொல்லாமல் விட்டது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். என் அம்மா இருந்தபோது இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

ஒன்றும் மாறக் கூடாது என்றும் நினைக்காதீர்கள். வேலூரில் 1900-இல் அமெரிக்க டாக்டரம்மா ஐடா ஸ்கடர் ஆரம்பித்த சின்ன மருத்துவமனை (இன்றைய சி.எம்.சி.) வளர்ந்து, 1909-இல் நர்சுகளுக்குப் பள்ளியும் வந்த பிறகு எத்தனையோ ஊர்க்காரர்கள் இங்கே வந்து தங்கினார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் கேரளத்து நர்சம்மா ஒருவர் இருந்தார். அவர் வந்த பிறகுதான் எங்கள் அச்சு முறுக்கில் தேங்காய்ப்பாலும் கறுப்பு எள்ளும் சேர்ந்தன. அதற்கு முன் வெறும் பால்தான். இன்று என் பேரன் அதைத்தான் "நம் வீட்டு முறுக்கு" என்கிறான். அவன் சொல்வது சரிதான்.

ஆம்பூர் அண்டை வீட்டான்:

நாங்கள் பலகாரம் செய்கிறவர்கள் இல்லை, சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா 25ஆம் தேதி காலையில், ஆலயத்திலிருந்து திரும்பியதும், பூப்போட்ட பீங்கான் தட்டில் முறுக்கும் கல்கலும் வைத்துத் துணி மூடி அனுப்புவார். கொண்டு வருவது அவர் வீட்டுப் பிள்ளைகளே. எங்கள் அம்மா தட்டை வெறுமையாகத் திருப்பியதே இல்லை. சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டு பிரியாணி அந்த வீட்டுக்குப் போகும். நாங்கள் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஹலால் கடையில் கறி வாங்கும் வீடு அது.

ஆகவே உங்கள் பெண்களிடம் தட்டுகளையும் ஒப்படையுங்கள். யார் வீட்டுக்கு எத்தனை, யாருக்குச் சர்க்கரை நோய், யார் முட்டை சேர்க்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகட்டும். முட்டை இல்லாத முறுக்கைத் தனி டப்பாவில் வையுங்கள்.

மதியம் பிரியாணி என்றால் எங்கள் ஊர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். சீரகச் சம்பா ஒரு கிலோவுக்குக் கறியும் ஒரு கிலோ. காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுதுதான் நிறமும் காரமும், மிளகாய்த்தூள் வேண்டாம். கூடவே கத்தரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் உங்களுக்குப் பக்கத்திலேயே விளைகிறது, புவிசார் குறியீடு பெற்ற காய். அதை விட்டுவிட்டு வேறு எதையும் வாங்க வேண்டாம்.

அரக்கோணம் அத்தை:

24ஆம் தேதி மாலையில் வருகிறவர்களுக்கு அதிரசத்தை விட்டு வையுங்கள். பாகு மாவு நாலைந்து நாள் இருந்தால் இன்னும் நன்றாகத்தான் வரும். குளிரில் இறுகியிருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். ஒருவர் தட்ட, ஒருவர் சுட, ஒருவர் இரண்டு கரண்டிக்கு நடுவே எண்ணெயைப் பிழிய என்று மூன்று பேருக்கு வேலை இருக்கிறது. பெங்களூர்ச் சித்தப்பாவைப் பிழிய வையுங்கள்.

சத்துவாச்சாரி பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடியே சனிக்கிழமை ஓர் ஒத்திகை பார்த்தோம்.

முதலில் ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, மேசைமேல் தராசை வைத்தோம். தராசைப் பார்த்து, "என்னை எடை போடுகிறீர்களா?" என்று கேட்டார். பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நசுங்கின ஆழாக்கால் நாலு ஆழாக்கு அரிசி 540 கிராம். அதற்கு அவர் அள்ளிப் போட்ட வெல்லம் 410 கிராம். ஏலக்காய், நெய், எள் எல்லாம் எழுதியாயிற்று. மறுநாள் அதே கணக்கில் நானே பாகு காய்ச்சி, பெரியவள் பதம் சொல்ல, நாலு அதிரசம் சுட்டு ஆயாவிடம் கொண்டுபோனோம்.

ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுவிட்டு, "ஏலக்காய் சரி. சுக்கு எங்கே?" என்று கேட்டார்.

சுக்கு என்ற பேச்சையே அவர் எடுத்ததில்லை. தராசு வைத்த அன்று போடவும் இல்லை. கேட்டால், "சுக்கை வெல்லத்தோடு தட்டிவிடுவேன், அதைத் தனியாகச் சொல்வார்களா?" என்கிறார். அன்று வெல்லத்தைத் தட்டிக் கொடுத்தது அம்மா. ஆயாவின் வெல்லத்தில் எப்போதும் இருந்த சுக்கு அதனால்தான் விடுபட்டிருக்கிறது. மகள் உடனே நோட்டில் சிவப்பு மையால் எழுதினாள். இதைக் கேட்ட பிறகு அண்ணன் கடைப் பேச்சை எடுக்கவில்லை. 23ஆம் தேதியே வந்துவிடுகிறேன் என்கிறார்.

அச்சு ஊறிக்கொண்டிருக்கிறது. ஆனால் காம்பு ஆடுகிறது, பூவும் காம்பும் சேரும் இடத்தில் திருகு தேய்ந்துவிட்டது. புதிது வாங்க மனமில்லை. இதைச் சரி செய்ய முடியுமா?

காட்பாடி மருமகள்:

முடியும். பற்றவைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். அடுத்த முறை கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. அச்சைக் கையோடு எடுத்துக்கொண்டு லேத் பட்டறை ஒன்றுக்குப் போங்கள். துளையில் புதிதாக மரை போட்டு, அதற்கேற்ற காம்பைத் திருகித் தருவார்கள். பிடிக்கு மரக்கட்டை கேளுங்கள், சுடாது.

சுக்கு எத்தனை கிராம் என்று போடவில்லையே? இன்று இரவு பாகு காய்ச்சுகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி பேத்தி:

540 கிராம் அரிசிக்கு 6 கிராம். தோல் சீவி, வெல்லத்தோடு சேர்த்துத் தட்ட வேண்டும். பொடியாகக் கடையில் வாங்கியது வேண்டாம் என்கிறார்.