ஜாமீன் கையெழுத்து கேட்ட நாள்

மொரீஷியசின் கடன் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் மூவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

ரோஸ் ஹில் உறுப்பினர்:

2011ஆம் ஆண்டு, மகளின் மேற்படிப்புக்காக, நான் வேலை பார்த்த இடத்து ஊழியர்களின் கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து அவர்களுக்கே கடன் தரும் சங்கத்தில், கடன் கேட்டேன். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த என் சேமிப்பு நாற்பதாயிரம் ரூபாய். எனக்குத் தேவைப்பட்டதோ ஒரு இலட்சம். வீட்டுப் பத்திரத்தை எடுத்துச் சென்றிருந்தேன். செயலாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், சக உறுப்பினர்கள் இருவரின் ஜாமீன் கையெழுத்து போதும் என்றார். பத்திரத்தை நீட்டுவது எளிது, உடன் வேலை செய்பவரிடம் போய், "நான் கட்டத் தவறினால் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், கையெழுத்திடுவீர்களா?" என்று கேட்க மூன்று நாள் எனக்கு வாய் எழவில்லை. நெருங்கிய நண்பர் ஒருவர் மறுத்துவிட்டார். கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், பதினைந்து ஆண்டு பழகியும் நான் ஒருமுறைகூட வீட்டுக்கு அழைத்திராதவர்.

ரிவியேர் டு ராம்பார் உறுப்பினர்:

ஐயா, இது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். மொரீஷியசில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1913இல் வந்தது. அந்தப் பணிக்காக இந்தியாவிலிருந்து அதிகாரி ஒருவரையே வரவழைத்தார்கள். கரும்பு வெட்டு நடப்பது ஜூன் முதல் டிசம்பர் வரை, உரம் போடவும் களை எடுக்கவும் ஆண்டு முழுவதும் பணம் வேண்டும் என்ற நிலையில், சிறு தோட்டக்காரர் நிற்கும் கரும்பைக் காட்டியே இடைத்தரகரிடம் கடன்பட்டார். தாத்தாவிடம் இருந்தது இரண்டு ஆர்ப்பான் நிலம் (ஓர் ஆர்ப்பான் ஏறக்குறைய ஓர் ஏக்கர்). சங்கம் உரத்துக்கு முன்பணம் கொடுத்துச் சர்க்கரைப் பணத்தில் கழித்துக்கொண்டது. கூட்டத்தில் இருபது ஆர்ப்பான் வைத்திருந்தவருக்கும் தாத்தாவுக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். அதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார், வட்டியைப் பற்றி அல்ல. 2006க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்ததில் எங்கள் ஊரில் பல துண்டு நிலங்கள் புதராயின; தாத்தாவின் நிலமும் அவற்றுள் ஒன்று.

காத்ர் போர்ன் உறுப்பினர்:

ஜாமீன் போட்டவள் தரப்பையும் கேளுங்கள். சக ஊழியர் ஒருவருக்காகக் கையெழுத்திட்டு, அவர் வேலையை விட்டுப் போனதும், நான்கு மாதத் தவணை என் சம்பளத்தில் போயிற்று. அவருக்கு ஏற்கெனவே ஒரு கடன் பாக்கி இருந்தது கடன் கொடுத்த சங்கக் குழுவுக்குத் தெரியும். தெரிந்த முகம் என்று கண்டிப்பைத் தளர்த்தியிருக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் நடத்தும் சீட்டில்கூட அந்தத் தயவு கிடையாது. தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் என்னைக் கண்டதும் அவர் கூட்டத்துக்குள் ஒதுங்கினார். இரண்டு ஆண்டு கழித்து முழுத் தொகையையும் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது இன்னொருவர் கேட்டிருக்கிறார். மகனின் அறுவைச் சிகிச்சைக்காம். ஒரு வாரமாகப் படிவம் என் கைப்பையில்தான் இருக்கிறது.