அப்பாவின் பழைய லேப்டாப்: புதுசு வாங்கலாமா, இதையே தேற்றலாமா?

அல்சூர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 2014-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஐ5 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் டெஸ்க்டாப் தெரியும், அப்புறம் வேர்டு திறக்க இன்னும் இரண்டு நிமிஷம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போது பார்த்தாலும் 100 சதவீதம். பக்கத்துக் கடையில் காட்டினால் திறந்துகூடப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, கீபோர்டும் ஸ்க்ரீனும் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

அப்பா எங்கள் தெருக் கோயில் கமிட்டிக்கு வரவு செலவு, அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் இதில்தான் அடிக்கிறார். எல்லாமே பாமினி எழுத்துருவில், 300 ஃபைலுக்கு மேல் இருக்கும். விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். நான் இதுவரை ஒரு லேப்டாப்பையும் திறந்ததில்லை, ஆனால் ரொம்ப நாளாக ஆசை. இதில் கை வைக்கலாமா?

எஸ்பி_ரோடு_சுற்றி:
தாராளமாகக் கை வைங்க தம்பி. உங்க லேப்டாப்புக்கு வியாதி ஒன்றுதான், அந்த ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுற்ற, ஊசி மாதிரி ஒன்று தேடித் தேடிப் படிக்கிறது. ஒவ்வொரு சின்னத் தேடலுக்கும் 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், விண்டோஸ் 10 பின்னணியில் அப்படி ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாகப் போட வேண்டிய எஸ்.எஸ்.டி. சிப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் டிஸ்க், அதில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை, ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. பிராசஸரைக் குறை சொல்லாதீங்க, கணக்கு எழுதவும் நோட்டீஸ் அடிக்கவும் அது இன்றைக்கும் போதும்.

முதலில் அப்பாவின் ஃபைல்களை வெளியே ஒரு காப்பி எடுங்க. இது செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க. அடுத்து டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க, மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் டிஸ்க் கெட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கே காப்பி எடுத்தாக வேண்டும்.

வாங்க வேண்டியது இரண்டே சாமான். 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று, பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். இன்னொன்று ரேம், இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு டிடிஆர்3-எல் வேண்டும், 1.35 வோல்ட். பழைய சாதா டிடிஆர்3 1.5 வோல்ட், பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் இதில் வேலை செய்யாது. ஸ்டிக்கரில் பிசி3-க்குப் பக்கத்தில் எல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய ரேம் நம்ம பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும். உங்க லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்க. சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். கன்னடத்தில் "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறைங்க) என்று ஒரு வார்த்தை போட்டால் கொஞ்சமாவது குறைப்பார்கள்.

கே.ஆர்.புரம்_குமார்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பேட்டரியை யாரும் பேசவில்லையே. பத்து வருஷத்துக்கு மேலான பேட்டரி. டச்பேட் லேசாக மேலே தூக்கியிருந்தாலோ அடிமூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது, அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. அப்படி இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

மின்ட்_பிரியன்:
விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே இறங்காது, குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்பாவின் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுங்க, அதில் பழைய மெஷினுக்கு லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு. ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்தால் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்க. நான் சின்ன வயதில் முதல் தடவை இப்படிப் பென் டிரைவில் இருந்து ஒரு முழு டெஸ்க்டாப் எழுந்து நின்றதைப் பார்த்த ராத்திரி தூங்கவே இல்லை.

டிடிபி_அக்கா:
தம்பி, நான் சிவாஜி நகரில் பத்திரிகை அடிக்கும் கடையில் பல வருஷம் டைப் செய்தவள், பாமினி பற்றி நான் சொல்கிறேன். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் மாட்டியது. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். அதனால் அப்பாவின் லேப்டாப்பில் உள்ள பாமினி ஃபான்ட் ஃபைலை முதலில் எடுத்து வைங்க. மின்ட்டில் அதைப் போட்டால், வேர்டு மாதிரியான லிப்ரே ஆஃபீஸில் பழைய ஃபைல்கள் தமிழாகவே திறக்கும், 300-ஐயும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

தனி ஃபான்ட் இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற சாஃப்ட்வேர்கள் உண்டு. ஒன்று கவனிங்க, பாமினியில் காற்புள்ளி விசையில்தான் "இ" உட்கார்ந்திருக்கிறது. நோட்டீஸில் ஆங்கிலத்தில் விலாசம் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறி, கமா இருந்த இடத்தில் எல்லாம் இ வந்து நிற்கும். ஆங்கில வரிகளைத் தனியாக எடுத்துவிட்டு மாற்றுங்க.

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளச் சொல்லி அப்பாவைப் படுத்தாதீங்க. அது அருமையான அமைப்பு, ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குத் தானே புள்ளி விழும், "அம்மா" நாலே தட்டு. ஆனால் அவர் விரல் பாமினியில் ஊறியது. மின்ட்டில் தமிழ் டைப் செய்ய உதவும் எம்17என் என்ற பொதியில் ரெங்கநாதன் என்று ஒரு விசைப்பலகை வரும், பாமினிக்கு நெருக்கமானது, அதை வைத்துக் கொடுங்க. தமிழ்99 நீங்க கற்றுக்கொள்ளுங்க.

அல்சூர்_பையன்:
சனிக்கிழமை போய் வாங்கி வந்துவிட்டேன்! பேட்டரி உப்பவில்லை. பேட்டரியை முதலில் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தாளில் அடிமூடியின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே செலோ டேப்பில் ஒட்டி வைத்தேன். ரேமைச் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தியபோது இரண்டு பக்கக் கிளிப்பும் டிக் என்று பிடித்தன, அந்தச் சத்தத்தில் கை நடுக்கமே போய்விட்டது. ஆன் செய்ததும் வரும் பயாஸ் செட்டிங்ஸ் திரையில் ரேம் 8 ஜிபி என்று காட்டியது. மின்ட் ஏறி, பட்டனைத் தட்டியதில் இருந்து டெஸ்க்டாப் வர 19 செகண்ட், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று தடவை பார்த்தேன்.

அப்பா போன வருஷ ஆடி மாத நோட்டீஸைத் திறந்தார், எழுத்து எல்லாம் தமிழில் அப்படியே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் தேதியை மாற்ற ஆரம்பித்துவிட்டார். அக்கா, ரெங்கநாதனில் ஒன்றிரண்டு விசைகளில்தான் தடுமாறுகிறார்.

இன்னொரு கேள்வி. பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில்தான் இருக்கிறது. டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே அதைப் போடலாமா?

எஸ்பி_ரோடு_சுற்றி:
போடலாம், டிவிடி டிரைவ் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம் வேண்டும், கடையில் கேடி (caddy) என்று கேளுங்க. 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், டிவிடி டிரைவை வெளியே எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்க.