புதுப்பிப்பு: சுக்குமல்லி காபி அண்டாவில் உப்புப் படிவும் பழுப்புப் புள்ளியும்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. காங்கேயத்தில் நாங்கள் சுக்குமல்லி காபி போடும் எவர்சில்வர் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவு, குழாயைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) யோசனைதான். லிட்டருக்கு 20 கிராம் கரைத்து, கொதிக்க விடாமல் சூடாக்கி அரை மணி நேரம் விட்டேன். நுரைத்துக்கொண்டே போர் தண்ணீர்ச் சுண்ணாம்பு ஏடு ஏடாகக் கழன்று வந்தது. தேய்க்கவே இல்லை. லெமன் சால்ட்டையே குழைத்துத் துணியால் துடைத்ததில் புள்ளிகளும் போயின. பற்றவைத்த ஓரத்தில் ஒன்று மட்டும் மங்கலாக நிற்கிறது.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று ஒருவர் தடுத்தது சரி. குளோரின் எவர்சில்வரில் குழி விழவைக்கும். கம்பி நாரும் ஆகாது, அதன் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

எதிர்பாராதது குழாய். கழற்றிப் பார்த்தால் வாஷருக்குப் பின்னால் கருப்பட்டிப் பாகு கறுத்து, கோந்து மாதிரி அப்பியிருந்தது. காபியில் வந்த புளிச்ச வாடை அங்கிருந்துதான்! வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதுமாக இருந்தது. பித்தளைக் குழாயை மட்டும் லெமன் சால்ட்டில் ஊறப்போடாதீர்கள், துத்தநாகம் கரைந்து செந்நிறம் ஏறிவிடும். வாஷரை சிலிகானுக்கு மாற்றியாச்சு.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 (எவர்சில்வரில் உயர்ந்த கிரேடு) என்று கடையில் சொன்னால் நம்பிவிட வேண்டாம். மலிவான 202 கிரேடிலும் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள்.