லினக்ஸில் ஸ்வீட் ஹோம் 3டி: முப்பரிமாணக் காட்சி மட்டும் கறுப்பாக இருக்கிறது

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டுகிறோம். மேடையும் அலமாரிகளும் எப்படி அமையும் என்று அம்மாவுக்குக் காட்டிய பிறகுதான் தச்சரிடம் அளவு கொடுக்க முடியும். அவர் வரும் திங்கட்கிழமை வருகிறார்.

இதற்காக, வீட்டின் உள்ளமைப்பை வரைந்து பார்க்க உதவும் ஸ்வீட் ஹோம் 3டி நிரலை நிறுவினேன். இலவச மென்பொருளில் இவ்வளவு வசதியா என்று வியந்துபோனேன். பழைய கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்து பின்னணியில் வைத்து, அளவுகோல் குறித்து, அதன் மேலேயே சுவர்களை வரைந்துவிட்டேன். தளவரைபடம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அதன் கீழே வர வேண்டிய முப்பரிமாணக் காட்சி முழுக்கக் கறுப்பு. பிழைச் செய்தியும் இல்லை. நிறுவிய நாளிலிருந்தே இப்படித்தான்.

கணினி: மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 மடிக்கணினி, இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட் 22 சினமன். திரைக்காட்சியைக் கையாள்வது எக்ஸ்ஆர்க், வேலண்ட் அல்ல.

முதலில் மின்ட்டின் மென்பொருள் மேலாளர் வழியே நிறுவினேன். அதை நீக்கிவிட்டு, ஜாவாவையும் சேர்த்தே தரும் அதிகாரப்பூர்வ 64 பிட் தொகுப்பைப் போட்டேன். இரண்டிலும் அதே கறுப்பு. கர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) மெசாவையும் (கிராபிக்ஸ் இயக்கி மென்பொருள்) புதுப்பித்தும் பயனில்லை. கிராபிக்ஸ் சிப்பைத் தவிர்த்து, பிராசசரே படத்தை வரையும்படி மெசாவை மாற்றினால் மட்டும் காட்சி தெரிகிறது. ஆனால் நாற்காலியை நகர்த்தினாலே திரை உறைந்துவிடுகிறது. முப்பரிமாணப் படம் வரைய ஓப்பன்ஜிஎல் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் நன்றாகவே ஓடுகின்றன.

இதே சிப்பில் முப்பரிமாணக் காட்சியைச் சீராக ஓடவைத்தவர்கள் எந்த அமைப்பை மாற்றினீர்கள்?